அக்கிக்கு என்ன சிகிச்சை: முதல் கொப்புளத்திலிருந்து நீடிக்கும் வலி வரை

மார்பிலோ முதுகிலோ இடுப்பிலோ ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளம் கிளம்பினால், வீட்டுப் பெரியவர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்: "அக்கி வந்திருக்கு." பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கோளாறு அதற்கு அப்புறம்தான். எங்கே போய் அக்கி எழுதுவது (காவியால் உருவம் வரைவது), என்ன பத்தியம் இருப்பது, குளிக்கலாமா கூடாதா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, மருந்து நன்றாக வேலை செய்யக்கூடிய முதல் மூன்று நாட்கள் கைவிட்டுப் போய்விடுகின்றன. அந்த மூன்று நாட்களை வீணாக்காமல் இருக்கத்தான் இந்த வழிகாட்டி. இதில் வரும் மருந்து அளவுகள், டாக்டர் எழுதித் தரும் சீட்டைப் புரிந்துகொள்வதற்காக மட்டுமே. இதைப் பார்த்து மெடிக்கலில் நேராகப் போய் வாங்க வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதும் கீழே வருகிறது.

1. முதலில், இது அக்கிதானா?

சின்னம்மை வந்து போன பிறகும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். வயது ஏறும்போதோ, நோய் எதிர்ப்பு சக்தி குறையும்போதோ, ஏதாவது ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வரும். அதுதான் அக்கி. ஒரே நரம்பு போகும் பாதையில் வருவதால் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், அரை ஒட்டியாணம் போட்டது போல, முதுகில் தொடங்கி முன்பக்கம் வரை பட்டையாக ஓடும். நடுக்கோட்டோடு நின்றுவிடும். இதுதான் நல்ல அடையாளம்.

கொப்புளத்துக்கு முன்னால் வலி வரும் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாட்கள் வெறும் எரிச்சல், குத்தல், துணி பட்டாலே கூசுவது என்று இருக்கும். தோலில் ஒன்றும் தெரியாது. இடது மார்பில் வந்தால் மாரடைப்போ என்று ஈசிஜி எடுப்பார்கள். விலாவில் வந்தால் சிறுநீரகக் கல்லோ என்று ஸ்கேன் எடுப்பார்கள். அப்படிப் பார்ப்பது தப்பில்லை, நெஞ்சுவலியை அக்கி என்று நினைத்து வீட்டில் இருப்பதுதான் ஆபத்து. ஆனால் எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்று வந்த பிறகும் ஒரு பக்கம் மட்டும் எரிந்தால், காலையும் மாலையும் சட்டையைக் கழற்றி அந்த இடத்தைப் பாருங்கள். முதுகுப் பக்கம் என்றால் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த திட்டும், அதன் மேல் கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளமும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

நம் ஊரில் அக்கி என்ற பேரில் வேறு சிலதும் ஓடுகின்றன. மழைக்காலத்தில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு வரும் ஒரு வகைச் சின்ன வண்டு தோலில் நசுங்கினால், அதன் நீர் பட்ட இடம் கோடு போட்டது போலச் சிவந்து கொப்புளிக்கும். தூங்கி எழுந்ததும் கழுத்திலோ முகத்திலோ திடீரென்று எரிச்சல் கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் இந்த வண்டுதான். உதட்டோரம் அடிக்கடி வந்து போகும் கொப்புளம் வேறொரு வைரஸ். இவை இரண்டுக்கும் சிகிச்சை வேறு. அதனாலும் ஒரு டாக்டர் கண்ணால் பார்த்துச் சொல்வது நல்லது. பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைகூடத் தேவைப்படாது.

2. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதல் கொப்புளம் எப்போது தெரிந்தது? செவ்வாய் காலை என்றால், வெள்ளி காலைக்குள் மாத்திரை தொடங்கியிருக்க வேண்டும். 72 மணி நேரம். வைரஸ் வேகமாகப் பெருகுவது இந்த நேரத்தில்தான், மாத்திரை செய்வது அந்தப் பெருக்கத்தை நிறுத்துவது மட்டும்தான். ஏற்கெனவே நரம்பில் ஆகிவிட்ட சேதத்தை அது திருப்பித் தராது. அதனால் 72 மணி நேரம் என்பது கடைசிக் கெடு. முதல் நாளே தொடங்கினால் இன்னும் நல்லது.

நாட்கள் தாண்டிவிட்டதா? அப்படியும் போங்கள். புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தால், கண் பக்கம் இருந்தால், எதிர்ப்பு சக்தி குறைந்தவராக இருந்தால், 72 மணி நேரத்துக்குப் பிறகும் மருந்து கொடுப்பார்கள்.

தோல் டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம்தான் என்றால் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பொது மருத்துவரே இதற்குச் சிகிச்சை தொடங்கலாம். ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை எதுவானாலும் சரி.

3. அதே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள்

நெற்றியிலோ இமையிலோ கொப்புளம் வந்தால் அது கண்ணுக்குப் போகும் நரம்பு. இதில் ஒரு சின்ன அடையாளத்தை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: மூக்கு நுனியைப் பாருங்கள். மூக்கின் நுனியிலோ பக்கவாட்டிலோ ஒரே ஒரு கொப்புளம் இருந்தாலும் கண்ணுக்குள் பாதிப்பு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கண்ணுக்குள் போகும் நரம்பின் ஒரு கிளைதான் மூக்கு நுனிக்கும் போகிறது. கண் சிவக்கவில்லை, பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள். கருவிழி புண்ணாகித் தழும்பு விழுந்தால் பார்வையே போகலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை மட்டும் கண்ணில் ஊற்றிவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால், டாக்டர் பார்க்காமல் ஊற்றுவது ஆபத்து.

காதுக்குள்ளோ காதைச் சுற்றியோ கொப்புளம் வந்து, முகம் ஒரு பக்கம் கோணினால், காது மந்தமானால், தலை சுற்றினால் அதுவும் அவசரம்தான். முகவாதம் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், முகத்துக்குப் போகும் நரம்பு மேலும் மேலும் கெடும். வைரஸ் மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்து விரைவாகக் கொடுத்தால் முகம் பழையபடி திரும்பும் வாய்ப்பு கூடும்.

கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு அக்கி உடம்பு முழுக்கப் பரவலாம். இவர்களை அட்மிட் செய்து, வைரஸ் மருந்தான அசைக்ளோவிரை ரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டி வரும். காய்ச்சலோடு கடுமையான தலைவலி, குழப்பமான பேச்சு, உடம்பின் பல இடங்களில் கொப்புளம், அடிவயிற்றுக்குக் கீழே அக்கி வந்து சிறுநீர் போக முடியாத நிலை, இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைக்கவோ நேராக அவசரப் பிரிவுக்குப் போகவோ யோசிக்க வேண்டாம்.

சின்ன வயதில், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், அல்லது திரும்பத் திரும்ப அக்கி வந்தால் டாக்டர் எச்ஐவி பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் எழுதலாம். அதில் கோபப்படவோ கூச்சப்படவோ எதுவும் இல்லை. எதிர்ப்பு சக்தி ஏன் குறைந்தது என்று பார்ப்பது அவர் கடமை.

4. வைரஸ் மாத்திரை

மூன்று மருந்துகள் உண்டு. அசைக்ளோவிர் பழையது, விலை குறைந்தது, அரசு மருத்துவமனைகளிலும் தருவது. 1980களில் புழக்கத்துக்கு வந்தது. இதை உருவாக்கிய குழுவில் இருந்த கெர்ட்ரூட் எலியன் 1988-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு முன் அக்கியைத் தாங்கிக்கொள்வதைத் தவிரப் பெரிதாக வழியில்லை.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு இப்படி: அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாட்கள். வாலாசைக்ளோவிர் என்றால் 1000 மில்லிகிராம், 3 வேளை, 7 நாட்கள். ஃபாம்சிக்ளோவிர் என்றால் 500 மில்லிகிராம், 3 வேளை, 7 நாட்கள். வாலாசைக்ளோவிர் உடம்புக்குள் போய் அசைக்ளோவிராகத்தான் மாறுகிறது. ஆனால் குடலில் நன்றாக உறிஞ்சப்படுவதால் வேளை குறைவு. விலை கூடுதல். மக்கள் மருந்தகம் போன்ற ஜெனரிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

அசைக்ளோவிரில் எல்லோரும் தடுமாறுவது அந்த ஐந்து வேளையில்தான். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளைக்குப் பழகிய வீட்டில் மற்ற இரண்டு வேளையும் விட்டுப் போகும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று போனில் அலாரம் வைத்துவிடுங்கள். இரவு 10-க்குப் பிறகு காலை வரை தூங்கலாம், நடுராத்திரி எழுப்ப வேண்டியதில்லை. மொத்தம் 35 வேளை. கடையில் 800 இல்லாமல் 400 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தால் வேளைக்கு இரண்டு, ஆக 70 மாத்திரை வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒன்றொன்றாகப் போட்டால் பாதி மருந்துதான் உள்ளே போகும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலை வேண்டாம், எப்படியும் போடலாம். மூன்றாம் நாளே எரிச்சல் குறைந்துவிட்டது என்று நிறுத்தவும் கூடாது.

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இந்த மருந்து சிறுநீர் வழியாக வெளியே போவது, நீர் குறைந்தால் சிறுநீரகத்தில் படியும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள், டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அளவை நன்றாகக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மருந்து உடம்பில் தேங்கி மூளையைக் குழப்பும். மாத்திரை தொடங்கிய இரண்டு மூன்று நாளில் வயதானவர் சம்பந்தமில்லாமல் பேசினால், இல்லாத ஆளைப் பார்த்ததாகச் சொன்னால், வயசு தளர்ச்சி என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மெடிக்கலில் நேராக வாங்க வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். இந்தச் சீட்டு எழுதும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு என்ன என்று கேட்கும் ஆள் தேவை.

அசைக்ளோவிர் ஆயின்மென்ட்டை நம்பி மாத்திரையை விடுவது நிறைய நடக்கிறது. அக்கி நரம்புக்குள் இருந்து வருவது. மேலே தடவும் களிம்பு அங்கே எட்டாது. அதற்குச் செலவழிக்கும் காசை மாத்திரைக்குச் செலவழியுங்கள்.

இந்த மாத்திரைகளால் புண் சீக்கிரம் ஆறும், முதல் சில வாரங்களின் வலி குறையும், கண்ணில் வந்தால் பாதிப்பு குறையும். மாதக்கணக்கில் நீடிக்கும் வலியை முழுக்கத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. அதற்கும் சேர்த்துத்தான் அடுத்த படி.

5. வலியைச் சகித்துக்கொண்டு இருக்காதீர்கள்

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, தானா போயிடும்" என்று சொல்வது இந்த நோயில் கொடுமை. அக்கி வலி சாதாரணப் புண் வலி இல்லை, நரம்பே வீங்கிக் கத்துவது. லேசாக இருந்தால் பாராசிட்டமால் போதும். இபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகம், இரைப்பை, ரத்த அழுத்தத் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது, கேட்டுத்தான் போட வேண்டும். இதெல்லாம் போட்டும் தூங்க முடியவில்லை என்றால் நரம்பு வலிக்கான மாத்திரையை டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்: காபாபென்டின், பிரிகாபாலின், அல்லது அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின்.

இதில் ஒரு சிக்கல் நடக்கிறது. வீட்டில் யாராவது மாத்திரை பேரை இணையத்தில் தேடுவார்கள். பிரிகாபாலின் வலிப்புக்கும், அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் தருவது என்று வரும். "அப்பாவுக்கு எதுக்கு இது?" என்று நிறுத்திவிடுவார்கள். இந்த மருந்துகள் நரம்பு அனுப்பும் தவறான வலிச் செய்தியைத் தணிக்கின்றன. மனநோய்க்கும் வலிப்புக்கும் சம்பந்தமில்லாமல் பல ஆண்டுகளாக இதற்குக் கொடுக்கப்படுபவை.

குறைந்த அளவில், இரவில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். முதல் இரண்டு நாளில் வலி போகவில்லை என்று கைவிட வேண்டாம். தூக்கக்கலக்கமும் தலைசுற்றலும் வரும். ராத்திரி பாத்ரூம் போகும்போது பெரியவர்கள் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வது இப்படித்தான். அந்த நாட்களில் லைட்டை எரியவிடுங்கள், பக்கத்தில் யாராவது படுங்கள். புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய், இதய நோய் இருந்தால் அமிட்ரிப்டிலின் எழுதும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் கால் எரிச்சலுக்கு ஏற்கெனவே பிரிகாபாலினும் வைட்டமினும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுவது உண்டு. பழைய சீட்டைக் காட்டாவிட்டால் ஒரே மருந்து இரண்டு பேரில் உள்ளே போகும். வெறும் "நரம்புச் சத்து மாத்திரை" மட்டும் போதும் என்று நினைப்பதும் சரியில்லை.

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்ப வலியை ஓரளவு குறைக்கும், நீடிக்கும் வலியைத் தடுக்காது, சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றும். டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்தால் தவிர வேண்டாம்.

6. புண்ணைப் பார்த்துக்கொள்வது

தினமும் குளிக்கலாம். அம்மைக்கு வைக்கும் கட்டுப்பாடு எதுவும் இதற்குத் தேவையில்லை. மென்மையான சோப்பு, தேய்க்காமல் ஊற்றும் தண்ணீர், ஒத்தி எடுக்கும் சுத்தமான துண்டு, அவ்வளவுதான். அந்தத் துண்டை மற்றவர்கள் தொட வேண்டாம். எரிச்சலுக்கு, குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைக் கால் மணி நேரம் போட்டு எடுக்கலாம், ஒரு நாளில் சில முறை. ஐஸ் கட்டியை நேராக வைக்கக் கூடாது. கொப்புளம் உடையும்வரை கலமைன் லோஷன் தடவலாம். உடைந்து பொருக்கு கட்டும்போது வெறும் வாஸ்லின் தடவி, ஒட்டாத டிரெஸ்ஸிங் துணியால் மூடினால் சட்டை உரசாது. கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம்.

மஞ்சள் நிறச் சீழ், சுற்றிலும் பரவும் சிவப்பு, சூடு இவை வந்தால் பாக்டீரியா தொற்று சேர்ந்துவிட்டது, ஆன்டிபயாடிக் தேவைப்படும். அரிப்பு, படைக்கு என்று வீட்டில் கிடக்கும் டியூப்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அக்கிப் புண்ணில் அதைத் தடவாதீர்கள்.

பத்தியம்? உப்பு, காரம், கறி எதையும் விலக்க வேண்டிய மருத்துவக் காரணம் இல்லை. வலியில் ஏற்கெனவே சாப்பிடாமல் துவண்டு கிடப்பவருக்கு உப்பில்லாக் கஞ்சியைக் கொடுத்தால் இன்னும் தளர்ந்துபோவார்.

7. அக்கி எழுதுவது பற்றி

மண்பாண்டம் செய்யும் வேளார் வீடுகளில் காவியைக் குழைத்து, அக்கி வந்த இடத்தில் சிங்கம் போன்ற உருவம் வரைந்து அனுப்பும் வழக்கம் இன்றும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிறது. வேறு வழியே இல்லாத காலத்தில், துடிப்பவர்களை ஒதுக்காமல், காசை எதிர்பார்க்காமல் உட்காரவைத்துக் கவனித்தவர்கள் அவர்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஈரக் காவி கொஞ்ச நேரம் குளிர்ச்சியாகவும் இருக்கும்.

ஆனால் எழுதியதால் குணமானது என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அக்கிக் கொப்புளம் எதுவுமே செய்யாவிட்டாலும் ஏழிலிருந்து பத்து நாளில் காய்ந்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடும். எழுதினாலும் அதே கணக்கு. காவியால் நரம்பில் இருக்கும் வைரஸைத் தொட முடியாது. உடைந்த புண்ணில் மண் படுவதால் தொற்று வரவும் வழி உண்டு. கண்ணைச் சுற்றி எழுதுவது அறவே கூடாது. வீட்டில் பெரியவர் எழுதியே ஆக வேண்டும் என்றால் சண்டை போட வேண்டாம். முதல் மாத்திரையைப் போட்டுவிட்டு, உடையாத தோலில் மட்டும் எழுதிக்கொள்ளட்டும். மாத்திரைக்குப் பதிலாக எழுதுவது என்ற பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

8. வீட்டில் மற்றவர்களுக்கு

அக்கி இருப்பவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கி தொற்றாது. கொப்புள நீர் பட்டால், இதுவரை சின்னம்மையும் வராமல், அதற்கான தடுப்பூசியும் போடாமல் இருப்பவர்களுக்குச் சின்னம்மை வரலாம். எல்லாக் கொப்புளமும் பொருக்கு கட்டும்வரை புண்ணைத் துணியால் மூடி, கையைச் சோப்பு போட்டுக் கழுவினால் ஒரே வீட்டில் பயமில்லாமல் இருக்கலாம். தனித் தட்டு, தனி அறை எல்லாம் தேவையில்லை.

கவனம் வேண்டியது மூன்று பேரிடம்: சின்னம்மை வராத கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, எதிர்ப்பு சக்தி குறைந்தவர். தலைப்பிரசவத்துக்கு மகள் வந்திருக்கும் வீட்டில் அம்மாவுக்கு அக்கி வந்தால், அந்த மகளுக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வரவில்லை, தெரியவில்லை என்றால் அவளுடைய மகப்பேறு டாக்டரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்கே அக்கி வந்தால் பொதுவாகக் குழந்தைக்கு ஆபத்தில்லை.

9. புண் ஆறியும் வலி போகவில்லை என்றால்

மூன்று மாதம் தாண்டியும் அந்த இடம் எரிந்தால், மின்சாரம் அடித்தது போல் சுரீர் என்றால், அது அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி. அக்கி வந்தவர்களில் 100-க்கு 10 முதல் 18 பேருக்கு இது வருகிறது. வயது கூடக் கூட வாய்ப்பும் கூடும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது என்பதால், "சும்மா சொல்றாங்க" என்று வீட்டிலேயே பேச்சு வரும். துப்பட்டாவோ சேலையோ மேலே பட்டாலே துடிக்கும் வலி அது. தயவுசெய்து நம்புங்கள்.

ஐந்தாம் படியில் சொன்ன மாத்திரைகள்தான் இதற்கும் முதல் வழி, சரியான அளவுக்கு ஏற்றி, வாரக்கணக்கில் தொடர வேண்டும். நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். சின்ன இடமாக இருந்தால் 5 சதவீத லிடோகைன் பேட்ச் ஒட்டலாம். 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும், ஆறிய தோலில் மட்டும். மிளகாயின் காரப் பொருளான கேப்சைசினில் செய்த கிரீமும் உண்டு. முதலில் எரியும், போகப் போக நரம்பின் கூச்சம் குறையும். தடவிய கையைக் கண்ணில் வைத்துவிடக் கூடாது. இவற்றுக்கும் அடங்காவிட்டால் வலி நிவாரணப் பிரிவில் நரம்பைச் சுற்றி ஊசி போடும் முறை இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் மயக்கவியல் டாக்டர்கள் இதைப் பார்க்கிறார்கள், "பெயின் கிளினிக்" எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் போகப் போக வலி குறைந்துவிடும்.

10. தடுப்பூசி

இது வந்த அக்கியைக் குணமாக்காது. இனி வராமல் தடுப்பதற்கு. ஷிங்ரிக்ஸ் என்ற ஊசி இந்தியாவில் 2023 முதல் 50 வயதைக் கடந்தவர்களுக்குக் கிடைக்கிறது. கையில் இரண்டு ஊசி, இடையில் 2 முதல் 6 மாதம். இதில் உயிருள்ள வைரஸ் இல்லை. பெரிய ஆய்வுகளில் 50 முதல் 69 வயதுக்காரர்களிடம் சுமார் 97 சதவீதமும், 70-ஐத் தாண்டியவர்களிடம் சுமார் 90 சதவீதமும் அக்கியைத் தடுத்தது. போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் கை வலி, காய்ச்சல், அசதி வரும். முதல் ஊசியில் படுத்துவிட்டார் என்பதற்காக இரண்டாவதை விடக் கூடாது.

விலைதான் கஷ்டம். ஒரு ஊசியே பத்தாயிரம் ரூபாய்க்கு அருகில் அல்லது மேலே போகிறது, இரண்டு போட வேண்டும். எல்லா வீட்டாலும் முடியாது. யாருக்கு முதலில் என்று யோசித்தால், சர்க்கரை, நாள்பட்ட நுரையீரல் நோய், மூட்டுவாதத்துக்காக எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து ஆகியவற்றோடு இருக்கும் பெரியவரிடமிருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே அக்கி வந்தவரும் போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் அது திரும்ப வரக்கூடியது. புண் முழுக்க ஆறிய பிறகு, எப்போது போடுவது என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.